காட்டுப் பாதையும் காற்சப்பாத்தும்

மோட்டார்ச் சைக்கிளில் ஏறும் ஒருவன் தலைக்கவசத்தை மறப்பதில்லை. மறந்தாலும் சட்டம் நினைவூட்டிவிடும். ஆனால், அவன் காலில் என்ன அணிந்திருக்கிறான் என்று எவரும் கேட்பதில்லை. தாரிட்ட தெருவிலே இந்தக் கவலையீனம் பலநாள் தொல்லையின்றிக் கழியலாம். தெரு முடிந்து, கல்லும் மணலும் சேறும் மரவேருமாய்க் கிடக்கும் காட்டுவழி தொடங்கும் இடத்திலேதான் காலின் அருமை தெரியவரும்.

அங்கே ஓட்டுபவன் இருக்கையில் அமர்ந்திருப்பதிலும் கால்தாங்கிகளின்மீது எழுந்து நிற்பதே அதிகம். உடலின் பாரத்தை இரு பாதங்களும் தாங்குகின்றன. வலக்கால் பிறேக்கையும் இடக்கால் கியரையும் இயக்குகின்றன. வண்டியைச் சாய்ப்பதற்கும் நிமிர்த்துவதற்கும் காலின் அழுத்தம் துணைபுரிகின்றது. வண்டி சரிந்தால் அதன்கீழ் அகப்படுவதும் பெரும்பாலும் காலே.

காட்டுவழியிற் காலுக்கு வருங் கேடுகள் மூவகையின. முதலாவது மோதல். பாறையும் மரக்குற்றியும் கால்விரல்களையும் முன்காலையும் தாக்கும். இரண்டாவது நசுங்கல். பந்தயத்துக்கென அமைந்த வண்டி ஏறக்குறைய 110 கிலோகிராம் நிறையுடையது. நெடும்பயணத்துக்கான பெரிய வண்டிகள் 200 கிலோகிராமைத் தாண்டுவன. அப்பாரம் பாதத்தின்மேல் விழுந்தால் விளைவு சொல்லாமலே விளங்கும். மூன்றாவது முறுக்கு. வண்டி தடுமாறும்போது ஓட்டுபவன் தன்னையறியாமலே காலை நிலத்தில் ஊன்றுகிறான். பாதம் மணலிலோ வேரிலோ சிக்கி நிற்க, வண்டியும் உடலும் முன்னே செல்கின்றன. பாதம் ஒரு திசையிலும் முழங்கால் வேறொரு திசையிலும் இழுபட, கணுக்காலின் தசைநார்கள் அறுகின்றன, எலும்பும் முறியலாம். ஆழமறியாமற் காலை விடாதே என்பது பழமொழி. காட்டுவழியில் விழப்போகின்றவனுக்கோ ஆழமறிய அவகாசமே கிடைப்பதில்லை. அந்தக் கணப்பொழுதை வீட்டிலிருக்கும்போதே எண்ணிப் பார்த்துச் சப்பாத்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இத்தகைய சப்பாத்துக்களின் வரலாறும் அறியத்தக்கதே. இங்கிலாந்திலே காம்பர்லி என்னும் ஊரில் 1924 ஆம் ஆண்டு நடைபெற்ற போட்டியை இன்றைய மோட்டோகுறொஸ் பந்தயத்தின் தொடக்கமெனக் கூறுவர். ஆனால், அப்பந்தயத்துக்குரிய சப்பாத்துத் தொழில் சிறந்தோங்கியது இத்தாலியின் வடகிழக்கிலுள்ள திரெவீசோ மாகாணத்திலாகும். அங்குள்ள மொந்தெபெல்லூனா, ஆசொலோ முதலிய ஊர்களின் கைவினைஞர் மலையேறுவோருக்கும் பனிச்சறுக்கு வீரருக்கும் சப்பாத்துத் தைத்துத் தேர்ந்தவர்கள். சாந்தே மாத்சரோலோ என்பவர் 1963 இல் ஆசொலோவில் நிறுவிய அல்பைன்ஸ்டார்ஸ் நிறுவனமும் மலைச் சப்பாத்துக்களிலே தொடங்கிப் பின்னர் மோட்டோகுறொஸ் சப்பாத்துக்களுக்கு வந்ததே.

பனிச்சறுக்கு விளையாட்டு ஓர் அரிய பாடத்தையும் கற்பித்தது. சப்பாத்துக்கள் உயர்ந்தும் விறைத்தும் வந்தபோது கணுக்கால் முறிவுகள் குறைந்தன. ஆயினும் விழுகையின் விசை மறைந்துவிடவில்லை. அது மேலேறி, சப்பாத்தின் மேல்விளிம்பு இருக்குமிடத்திற் கீழ்க்கால் எலும்பை முறித்ததை மருத்துவர் கண்டனர். ஆகவே, சப்பாத்து விறைக்க விறைக்கக் காப்பு மிகும் என்று எண்ணுவது முழு உண்மையன்று. முன்னும் பின்னும் ஓரளவுக்கு மடிந்து, அந்த அளவு கடந்ததும் தடுத்து, பக்கவாட்டில் இலகுவில் வளையாதிருப்பதே நற்சப்பாத்தின் இலக்கணம். கணுக்காலின் இருமருங்கிலும் கீல் வைத்துச் செய்வதன் நோக்கமும் இதுவே.

அவ்வாறாயின் பந்தயச் சப்பாத்தையே எல்லோரும் வாங்கிவிடலாகாதோ என்று நேயர்கள் வினவலாம். பந்தய வீரனின் ஓட்டம் உலகப் போட்டிகளிற்கூட 30 நிமிடமும் அதன்மேல் இரண்டு சுற்றுக்களுமே. அது முடிந்ததும் அவன் சப்பாத்தைக் கழற்றிவிடுகிறான். தெருவுக்கும் காட்டுக்கும் பொதுவான வண்டியைச் செலுத்துபவன் நிலை வேறு. யமஹா நிறுவனத்தின் 250 சி.சி. டீ.டீ.-1 வண்டி 1968 இல் வெளிவந்து புகழ்பெற்ற காலந்தொட்டு இவ்வகை ஓட்டம் பலருக்கும் எட்டியது. இவன் காலையில் அணிந்ததை மாலையிலேதான் கழற்றுவான். இடையிலே கடையில் உணவருந்துவான். சேற்றிற் புதைந்த வண்டியைத் தள்ளுவான். ஆற்றின் ஆழம் பார்க்க இறங்கி நடப்பான். வழுவழுப்பான அடியுடைய பந்தயச் சப்பாத்து ஈரப் பாறையில் அவனை வழுக்கி விழுத்தும். ஆகையால், ஆழ்ந்த வரிகளையுடைய றப்பர் அடியும், சிறிது இளக்கமான மேற்பாகமும் கொண்ட இடைத்தரச் சப்பாத்து அவனுக்குப் பொருந்தலாம். ஆனால், இளக்கம் கூடுந்தோறும் காப்புக் குறையும். வேகமாகவும் கடினமான தடத்திலும் செல்பவன் நடையின் சுகத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவனே.

சிலர் தொழிற்சாலைச் சப்பாத்து அல்லது இராணுவச் சப்பாத்துப் போதுமென்பர். உருக்கு முனையுள்ள தொழிற்சாலைச் சப்பாத்து, மேலிருந்து விழும் பொருளினின்றும் விரல்களைக் காக்கும். முறுக்கினின்றும் கணுக்காலைக் காக்க அது செய்யப்பட்டதன்று. தொங்கும் கயிறு கியர் நெம்பிற் சிக்கினால் அதுவே விபத்துக்குக் காரணமாகும்.

கடைக்குச் செல்பவன் முதலில் ஐரோப்பிய நியம முத்திரையைத் தேடவேண்டும். ஈ.என். 13634 என்ற இலக்கத்துடன் நான்கு எண்கள் காணப்படும். அவை முறையே உயரம், உராய்வு தாங்கும் திறன், வெட்டுத் தாங்கும் திறன், குறுக்கே நசுக்கப்படும்போது அடிப்பாகம் காட்டும் விறைப்பு ஆகியவற்றைக் குறிப்பன. 1 என்பது முதற்றரம். 2 என்பது அதனினும் மேலானது. எனினும், இந்நான்கில் எதுவும் கணுக்கால் முறுக்குண்பதை அளப்பதன்று. அதனை வாங்குபவன் தன் கையாலேயே சோதிக்கலாம். ஒரு கையாற் குதியையும் மறுகையால் நுனியையும் பற்றித் துணி பிழிவதுபோல் முறுக்குக. இலகுவில் முறுகுமாயின் அதனை விட்டுவிடுக. கணுக்காற் பாகத்தைப் பக்கவாட்டிலும் வளைத்துப் பார்க்க.

பின்னர் அணிந்து பார்த்தல் வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரமும், ஓட்டத்தின்போது அணியும் தடித்த காலுறையும் இதற்கு ஏற்றன. விரல்கள் முனையில் இடிக்கலாகாது; நடக்கையிற் குதி மேலெழலாகாது. இயலுமாயின் வண்டியின்மீது எழுந்து நின்று பார்ப்பது நன்று. தடித்த முனை கியர் நெம்பின்கீழ் நுழையாவிடின், நெம்பைச் சிறிது உயர்த்திக்கொள்ளலாம். புதுச் சப்பாத்துடன் உடனே நெடும்பயணம் புறப்படாது, சில நாட்கள் அண்மையில் ஓட்டிப் பழகுதல் அறிவுடைமை.

நீர் புகாத உள்ளுறையைப் பலர் விரும்புவர். மழைக்கு அது நன்று. ஆற்றைக் கடக்கையில் நீர் மேல்வாயினாற் புகுந்துவிட்டாலோ, வெளியேற வழியின்றி அன்று முழுவதும் உள்ளேயே தங்கும். வெப்பநாடுகளில் வியர்வையும் அவ்வாறே. ஆறுகள் மிகுந்த வழியிற் செல்பவனுக்கு, விரைவில் வடிந்து காயும் சப்பாத்தே மேலானது.

நல்ல சப்பாத்தின் விலை சிறிதன்று. தேய்ந்த அடியையும் உடைந்த கொளுக்கியையும் மாற்றக்கூடியதாகத் தெரிந்தெடுத்தால் அது பல்லாண்டு உழைக்கும். எவ்வளவு உயர்ந்ததாயினும், கால் நோகிறதென்று வீட்டில் விட்டுச் செல்லும் சப்பாத்து எவரையும் காப்பதில்லை. நாள் முழுவதும் அணிந்திருக்கக் கூடியவற்றுள் மிக உறுதியானது எதுவோ, அதுவே அவனவனுக்கு உரிய சப்பாத்து. வண்டியின் உறுப்பு உடைந்தால் மறுநாள் மாற்றிவிடலாம்; கணுக்காலுக்கு மாற்றுறுப்பு எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை.