கணவர் கையெழுத்து கேட்காத படிவம்



இந்த மாநாட்டின் தலைமையுரை நீண்டுவிடக் கூடாது என்று அமைப்பாளர்கள் அன்போடு எச்சரித்திருக்கிறார்கள். நன்றிப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் நாடாளுமன்றம் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை 1971இல் நிறைவேற்றியது. 1972 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ஏற்று ரோ வழக்கில் தீர்ப்புச் சொன்னது 1973 ஜனவரியில்தான். 2022 ஜூனில் அந்தத் தீர்ப்பை அந்த நீதிமன்றமே தூக்கி எறிந்தபோது நம்மவர் பலருக்கு ஒரு பெருமிதம்: அவர்களுக்கு முன்பே நாம் சட்டம் போட்டுவிட்டோம், நாம்தான் முற்போக்கு என்று. முன்பே போட்டோம் என்பது சரி. மற்றதை நிதானித்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் சட்டத்துக்கு அடிகோலிய, 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழுவின் கவலை நியாயமானது. கள்ளத்தனமாகக் கலைத்துக்கொண்டு பெண்கள் சாகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்றது குழு. நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்திலும் எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு, சீழ் பிடித்து, காய்ச்சலில் பிதற்றியபடி பெண்கள் வந்தார்கள். வார்டின் கடைசிக் கட்டில்கள் அவர்களுக்கென்றே இருந்தன. அந்தச் சாவுகள் குறைந்ததற்கு அந்தச் சட்டத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் சட்டத்தின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவில் கருக்கலைப்பு குற்றம். தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளி. இன்று அதே பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கலைக்கும் மருத்துவருக்கு அந்தத் தண்டனையிலிருந்து விலக்குத் தந்தது 1971 சட்டம். பெண் கேட்கலாம், முடிவு மருத்துவருடைய அபிப்பிராயத்தில் நிற்கிறது. 20 வாரம் வரை ஒரு மருத்துவர், குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர், அதைத் தாண்டினால் கருவில் பெருங்குறை இருந்தால் மட்டும் மருத்துவக் குழு என்று 2021 திருத்தம் வாசலை அகலப்படுத்தியது. வாசலில் நிற்கும் ஆளை மாற்றவில்லை.

யாருக்காக இதெல்லாம் என்ற கேள்வி இந்த மண்ணில் பழையது. 1920களின் இறுதியில் சென்னையில் கர்ப்பத்தடையைப் பரப்ப நியோ-மால்தூசியன் லீக் தொடங்கியவர்களுக்குப் பிள்ளை எண்ணிக்கை என்பது வறுமைப் பிரச்சினை, தேசப் பிரச்சினை. அந்நாளிலேயே பெரியார் குறுக்கிட்டு, கர்ப்பத்தடை வேண்டியது பெண்ணின் விடுதலைக்காக என்று எழுதினார். அவர் பேசியது கர்ப்பத்தடையைத்தான், கலைப்பை அல்ல என்பதை வரலாற்று மாணவர்கள் கவனிக்க. பின்னால் வந்த அரசுத் திட்டங்கள் எல்லாம் லீக்கின் வழியிலேயே போயின. அதன் தடத்தை அரசு மருத்துவமனை வராந்தாவில் பார்க்கலாம். “கலைக்கணுமா? அப்போ ஆபரேஷனும் பண்ணிக்கோ, இல்லேன்னா காப்பர்-டி போட்டுக்கோ” என்ற பேரத்தைக் கேட்காத ஏழைப் பெண் அபூர்வம். செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981 முதல் இயங்கும் கிராமியப் பெண்கள் சமூகக் கல்வி மையம் போன்ற அமைப்புகள் இத்தகைய அனுபவங்களைத் தொடர்ந்து பதிவு செய்து வந்திருக்கின்றன. இந்தப் பேரத்துக்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

ஆதாரமில்லாத இன்னொன்று, கணவர் கையெழுத்து. கருக்கலைப்புக்கான ஒப்புதல் படிவத்துக்கு ‘ஃபார்ம் சி’ என்று பெயர். அரைப்பக்கம்கூட வராது. பெண்ணின் பெயர், இன்னாரின் மகள் அல்லது மனைவி, வயது, முகவரி, எந்த இடத்தில் செய்துகொள்கிறாள், கடைசியில் அவள் கையெழுத்து. கணவர் கையெழுத்திட அதில் கோடே இல்லை. 18 வயது நிறையாதவருக்கும் மனநலம் குன்றியவருக்கும் மட்டுமே பாதுகாவலர் ஒப்புதல் தேவை. ஆனாலும் “வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாம்மா” என்று திருப்பி அனுப்புகிறோம். நான் ‘றோம்’ என்றே சொல்கிறேன். என் துறையும் அதில் சேர்த்தி. அவள் திரும்பி வருவதற்குள் மூன்று வாரம் போய்விடும். ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது அறுவை அரங்குக்குப் போகும்.

நீதிமன்றங்கள் நம்மைவிட வேகமாக நடந்தன. 2009இல் சண்டிகர் அரசு இல்லத்தில் இருந்த, மனவளர்ச்சி குறைந்த ஒரு பெண்ணின் கருவைக் கலைக்க நிர்வாகம் முனைந்தது. அவளோ பெற்றுக்கொள்ள விரும்பினாள். பெறுவதும் பெறாததும் அரசியல் சாசனம் 21ஆம் பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரம் என்றது உச்ச நீதிமன்றம். 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில், திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்றது. பாதுகாப்பான கருக்கலைப்பு வசதியை உறுதிசெய்யும் கடமை அரசுக்கு உண்டு என்றும் பேசியது. ஓராண்டுதான் கழிந்தது. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர், பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராததால் கர்ப்பத்தையே தாமதமாக அறிந்தவர், 26 வாரத்தில் அதே நீதிமன்றத்திடம் கேட்டார். மறுக்கப்பட்டது. 24 வாரம் கடந்துவிட்டது, உடனடி ஆபத்தும் இல்லை என்பது காரணம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். மனச்சோர்வை ஆபத்தாக எண்ணாத சட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாரும் நீதிமன்றப் படி ஏற முடியுமா? லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி 2015இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள். அவற்றில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு நடந்தவை. மாத்திரை பாதுகாப்பானது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. எத்தனை வாரம், எத்தனை மாத்திரை, ரத்தம் எவ்வளவு போனால் ஓடிவர வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாததுதான் ஆபத்து. அந்த ஆளை வைப்பது அரசின் வேலை.

தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியமா? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இங்கே 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில். கிராமச் செவிலியர் வீடு தேடி வருகிறார். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உதவித்தொகை. பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண் இல்லாமல் ஒரு கர்ப்பிணி நகர முடியாது. இத்தனையும் பிள்ளை வேண்டும் என்பவளுக்கு. வேண்டாம் என்பவள் நாள் தள்ளிப்போனதைச் செவிலியரிடம் சொல்லவே பயப்படுகிறாள், சொன்னால் பதிவாகிவிடுமே என்று.

பெண்சிசுக் கொலையைச் சுமந்த மாநிலம் நாம். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் அதனால்தான். அந்த வரலாற்றால் அதிகாரிகள் எல்லாக் கலைப்பையும் பாலினத் தேர்வாகச் சந்தேகிக்கிறார்கள். ஸ்கேனில் பாலினம் சொல்வதைத் தடுக்க 1994 சட்டம் இருக்கிறது. அதை ஸ்கேன் மையத்தில் அமல்படுத்துங்கள். ஏழு வாரத்தில் கலைக்க வருபவளை ஏன் துருவ வேண்டும்?

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரைகளில் தத்துவம் இருக்கட்டும். கூடவே மாவட்டம் மாவட்டமாகக் கேளுங்கள். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சேவை தினமும் கிடைக்கிறது, எங்கே மாத்திரை இருப்பில் இருக்கிறது, எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கை மக்கள் நல்வாழ்வுத் துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று நாளை மாலைத் தீர்மானத்தில் எழுதுங்கள். ஆபரேஷன் பேரத்தை நிறுத்தும் சுற்றறிக்கையையும் அதில் கேளுங்கள். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன். மாநாடு தொடங்கட்டும்.