ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலனும் பொருத்தப்படாத ஒரு கருவியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"பதக்கம் வாங்கின ராணுவ விமானி ஒருத்தரைப் பத்திப் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். விமானி என்றாலே நம் மனதில் ஜெட் விமானம்தான் வரும். நான் ஹெலிகாப்டர் விமானி ஒருவரை எடுத்துக்கொண்டேன். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று எல்லாம் பார்த்துவிட்ட கடலூர் மாவட்டத்துக்காரர்கள் நாம். நம்ம ஊரில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் இரண்டே அர்த்தம்தான்: ஒன்று நிவாரணம், இல்லாவிட்டால் தேர்தல். மூன்றாவதாக ஓர் அர்த்தமும் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் பெயர் ஃப்ளைட் லெப்டினன்ட் சுப்பிரமணியம் முகிலன். அழகான தமிழ்ப் பெயர். இந்திய விமானப்படையின் 152-ஆவது ஹெலிகாப்டர் பிரிவில் எம்.ஐ.17 ஓட்டியவர். கார்கில் போரில் உயிர் நீத்தார். மறைவுக்குப் பிறகு வாயு சேனா பதக்கம் வழங்கப்பட்டது. போர் விமானிகளின் பெயர் பாடப்புத்தகம் வரைக்கும் போகிறது. இவர் பெயரை இந்த அரங்கத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஹெலிகாப்டர் விமானியின் உத்தியோகம் எப்படிப்பட்டது என்று முதலில் கொஞ்சம் பார்ப்போம். ஹைதராபாத் பக்கம் துண்டிகல்லில் விமானப்படை அகாடமி. ஹெலிகாப்டர் பயிற்சிக்குப் பக்கத்திலேயே ஹக்கிம்பேட்டை. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் என்ன வேலை தெரியுமா? சியாச்சின் மாதிரி இடங்களுக்கு மண்ணெண்ணெயும் ரேஷனும் ஏற்றிப் போவது, அடிபட்ட ஜவானை இறக்கிக் கொண்டு வருவது, வெள்ளத்தில் கூரை மேல் நிற்பவர்களைத் தூக்குவது. கௌரவமான கூலி வேலை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இதில் பெரும்பகுதிக்குப் பதக்கம் கிடையாது.

இப்போது 1999-க்கு வருகிறேன். கார்கில் மலைமுகடுகளில் ஊடுருவியவர்கள் மேல் மே 26 அன்று விமானத் தாக்குதல் தொடங்கியது. மறுநாளே நாம் ஒரு மிக் 21, ஒரு மிக் 27 என்று இரண்டு விமானங்களை இழந்தோம். மே 28 அன்று ராக்கெட் ஏந்திய எம்.ஐ.17 ஹெலிகாப்டர்கள் அணியாகத் திராஸ் பகுதியில் உள்ள பாயிண்ட் 5140-ஐத் தாக்கப் போயின. அதில் ஒன்றில் ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டிர், துணை விமானியாக முகிலன், அவர்களோடு சார்ஜெண்ட் ரவி பிரசாத், சார்ஜெண்ட் ராஜ் கிஷோர் சாகு.

இந்த இடத்தில் எஞ்சினியர்கள் கொஞ்சம் கவனிக்கணும். 5140 என்பது அந்தச் சிகரத்தின் உயரம், மீட்டரில். அடிக்கணக்கில் ஏறக்குறைய 16,860. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி நம்ம சில்வர் பீச்சில் இருப்பதில் பத்தில் ஆறு பங்குதான். இறக்கை தள்ளுவதற்குக் காற்று இல்லை. டர்பைன் மூச்சு விடவும் காற்று இல்லை. பாரம் ஏற்றிய எம்.ஐ.17 அங்கே ஒரே இடத்தில் மிதந்து நிற்க முடியாது, முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கணும். சட்டென்று திரும்பவோ மேலே எழும்பவோ கையிருப்புச் சக்தி ரொம்பக் குறைவு. சுற்றிலும் குளிர்ந்த பாறையும் பனியும். அதன் நடுவில் இரண்டு எஞ்சின்களின் சூடான புகைப்போக்கி, இருட்டில் பெட்ரோமாக்ஸ் விளக்கு மாதிரி.

எதிரியிடம் இருந்தது ஸ்டிங்கர். ஒரு ஆள் தோளில் வைத்து ஏவுகிற, சூட்டைத் தேடிப் போகும் ஏவுகணை. இதற்கு மாற்று மருந்து ஒன்று உண்டு. ஃப்ளேர் என்று பெயர். மெக்னீசியம் கலந்த உருண்டைகளை ஹெலிகாப்டரிலிருந்து உதிர்த்துவிட்டால் அவை எஞ்சினை விடச் சூடாக எரியும். ஏவுகணை ஏமாந்து அந்தப் பக்கம் போக வாய்ப்பு உண்டு. முகிலன் பறந்த ஹெலிகாப்டரில் ஃப்ளேர் வீசும் கருவி பொருத்தப்படவில்லை.

தாக்குதலை முடித்து விலகும் நேரத்தில் ஏவுகணை தாக்கியது. நால்வரும் இறந்தார்கள். நால்வருக்குமே வாயு சேனா பதக்கம்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "போர்ல அதையெல்லாம் பார்த்துக்கிட்டிருக்க முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டிங்கர் அன்றைக்குப் புதுசு இல்லை. 1986-லேயே ஆப்கானிஸ்தானில் சோவியத் ஹெலிகாப்டர்களை அது வீழ்த்தத் தொடங்கிவிட்டது. எம்.ஐ.17-உம் அதே சோவியத் குடும்பத்துப் பிள்ளை. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்த ஆபத்து. அதைவிட முக்கியமாக, இந்த இழப்புக்குப் பிறகு ஆயுதம் ஏந்திய எம்.ஐ.17-களைத் தாக்குதலிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். ஜெட் விமானங்கள் ஏவுகணை எட்டாத உயரத்திலிருந்து தாக்கின. மிராஜ் 2000 விமானங்கள் லேசர் குண்டுகளோடு வந்தன. போர் நடந்துகொண்டிருக்கும்போதே மாற்ற முடிந்ததல்லவா? பாயிண்ட் 5140-ஐ ஜூன் 20 அன்று நம் காலாட்படை பிடித்தது.

நான் விமானிகளைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். எந்தக் கருவி இல்லாமல் ஒரு இயந்திரம் கிளம்பலாம், எது இல்லாமல் கிளம்பவே கூடாது என்று தரையில் உட்கார்ந்து தீர்மானிப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். பயணிகள் விமானத்தில் அதற்கென்று எழுதி வைத்த பட்டியலே உண்டு. நாளைக்கு அந்த மாதிரி நாற்காலியில் உட்காரப் போவது இங்கே இருக்கும் நீங்கள்தான். நெய்வேலி பாய்லராக இருந்தாலும் சிப்காட் ரியாக்டராக இருந்தாலும், "இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிடலாம் சார்" என்று ஒருத்தர் கட்டாயம் வந்து நிற்பார்.

இருபது வருஷம் கழித்து, 2019 பிப்ரவரி 27 அன்று, ஸ்ரீநகர் பக்கம் பட்காமில் ஒரு எம்.ஐ.17 வி5 நம்முடைய ஏவுகணையாலேயே வீழ்ந்தது. விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். நம்மவரா எதிரியா என்று ரேடாருக்குச் சொல்லும் கருவி அந்த ஹெலிகாப்டரில் அணைக்கப்பட்டிருந்தது என்று விசாரணையில் வெளிவந்தது. அங்கேயும் ஒரு பெட்டிதான். இது இருந்தும் ஓடவில்லை.

நல்ல செய்தியும் சொல்லணும். அந்த உயரத்தில் சண்டை போட நமக்கென்றே ஒரு ஹெலிகாப்டர் வேண்டும் என்ற எண்ணம் கார்கிலில்தான் வலுத்தது. பெங்களூர் எச்.ஏ.எல். உருவாக்கிய 'பிரசண்ட்' 2022 அக்டோபர் 3 அன்று விமானப்படையில் சேர்ந்தது. ஃப்ளேர் வீசும் கருவி அதன் வடிவமைப்பிலேயே உண்டு.

கடைசியாகத் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல். பி.இ. முடித்தவர்கள் ஆஃப்கேட் தேர்வு எழுதி விமானியாகவும் போகலாம், தொழில்நுட்பப் பிரிவிலும் சேரலாம். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. விமானிப் பிரிவுக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்கணும். வயது 24-ஐத் தாண்டக் கூடாது. இறுதியாண்டு மாணவர்கள் இதைத் தள்ளிப் போட வேண்டாம். பெண்களும் ஹெலிகாப்டர் ஓட்ட ஆரம்பித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, தங்கைகள் தயங்க வேண்டியதில்லை. விவரம் வேண்டியவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடிக்கலாம்.