உறைந்த இரத்தமும் பக்கவாதமும்

(ஜூபிலி ஆண்டு நலவாழ்வு நாளன்று பங்கு மண்டபத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஜூபிலிக் கொண்டாட்டத்தின் நடுவே வியாதியைப் பற்றிப் பேச ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். அரைமணி நேரம் தந்திருக்கிறார்கள். சமையற்கட்டிலிருந்து வாசனை வருவதால் அதற்கு முன்பே முடித்துவிடுகிறேன்.

2013ஆம் ஆண்டில், பக்கவாதம் கண்ட இருவரை ஒரே வாரத்தில் கவனித்தேன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவரும் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தவர்கள். கொடுத்ததும் ஒரே ஊசி. ஒருவர் பத்தாம் நாள் தம் காலாலேயே நடந்து வீடு போனார். மற்றவர் கடல் தொழிலாளி. அவருக்கு வலக்கை திரும்பவில்லை. பேச்சும் பாதிதான் வந்தது. அவருடைய மனைவி என்னிடம், “ஐயா, அந்த ஆளுக்குப் பலிச்ச மருந்து எங்க வீட்டு ஆளுக்கு ஏன் பலிக்கல? நாங்க என்ன பாவம் செஞ்சோம்?” என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

மூளைக்குப் போகும் குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலும் பக்கவாதம் வரும். குழாய் அடைத்தாலும் வரும். அடைப்பே அதிகம். அடைப்பது உறைந்த இரத்தக் கட்டி. கட்டி என்றால் எல்லாம் ஒரே கட்டி என்றுதான் நாங்களும் வெகுகாலம் நடந்துகொண்டோம்.

வலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இரத்தம் உறையும்போது பைப்ரின் என்ற நார் வலைபோல் பின்னிக்கொள்கிறது. அதில் சிவப்பணுக்கள் மீனாக அகப்படுகின்றன. சிவப்பணு நிறைந்த கட்டி மிருதுவானது. நாரும் இரத்தத் தட்டுகளும் மிகுந்தால் கட்டி வெளுத்து, இறுகி, ரப்பர் போலாகிவிடும். அந்தத் தட்டுகள் சும்மா இருப்பதில்லை. வலையின் கயிறுகளைப் பிடித்து இழுத்துச் சுருக்குகின்றன. நாரைக் கரைக்கவிடாமல் தடுக்கும் பொருளையும் சுரக்கின்றன. போதாக்குறைக்கு, வெள்ளையணுக்களும் தங்கள் உட்கருவிலிருந்து நூல் எறிந்து வலைமேல் வலை விரிக்கும் என்று 2004இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். முழுச் சிவப்பும் முழு வெள்ளையும் அபூர்வம், பெரும்பாலானவை கலப்புத்தான். எது எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நாங்கள் போடும் ஊசி அந்த நாரை அறுக்கும் வேலையைத் தூண்டிவிடுவது. 1995இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆராய்ச்சி அதை நாலரை மணியாக்கியது. கண் பெரிதான வலைக்குள் மருந்து நுழைந்து வேலை செய்யும். இறுகிய வெள்ளைக் கட்டியிலோ மேற்பரப்பைத் தடவிவிட்டு நின்றுவிடும். ஊசி அதேதான், வலை வேறு.

கட்டியை நேரே இழுத்தெடுக்கும் முறை 2015இல் நிலைபெற்றது. நெதர்லாந்தில் 500 பேரிடம் நடந்த ஆராய்ச்சியும், அதே ஆண்டில் வந்த மற்றவையும் அதன் பலனை உறுதிசெய்தன. தொடையிடுக்கு இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, கம்பி வலையால் கட்டியைப் பிடித்து இழுப்பார்கள்; அல்லது உறிஞ்சி எடுப்பார்கள். வலைக்குள் வலை! இதிலும் கட்டியின் குணம் குறுக்கிடுகிறது. மிருதுவான கட்டி சில சமயம் நொறுங்கித் துணுக்குகள் மேலே ஓடிவிடும். வெள்ளைக் கட்டி குழாய்ச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ளும். இரண்டு, மூன்று முறை முயல வேண்டிவரும். முதல் இழுப்பிலேயே குழாய் திறந்தவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். முயற்சி கூடக்கூடத் தேறுதல் குறைகிறது. வெளியே வந்த கட்டிகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்க முடிந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. அதற்கு முன் இறந்தவர் மூளையில்தான் பார்த்திருந்தோம். சிவப்பு மிகுந்த கட்டி ஸ்கேன் படத்தில் பளிச்சென்று வெளுப்பாகத் தெரிவதும் உண்டு. ஆகவே முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம். ஆனாலும் படத்தை மட்டும் நம்பி மருந்தை மாற்றும் நிலை இன்னும் வரவில்லை.

இன்னொன்று. கட்டி நேரமாக ஆக இறுகிக்கொண்டே போகிறது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். நம் ஊரில் அந்த நேரத்தை என்ன செய்கிறோம்? புறா இரத்தம் தேடுகிறோம். கோடாலித் தைலம் தேய்க்கிறோம். விடியட்டும் என்கிறோம். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், புரையேறும். ஆஸ்பிரின் மாத்திரையும் வேண்டாம். அது கசிவாக இருந்தால் ஆபத்து கூடும். ஸ்கேனும் ஊசியும் இரவிலும் கிடைக்கும் ஆஸ்பத்திரி எது, கட்டியை எடுக்கும் வசதி எங்கே இருக்கிறது என்பதை நம் அன்பியக் கூட்டங்களில் இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். விழுந்த பிறகு விசாரிப்பதற்கு நேரமிராது.

அந்தக் கடல் தொழிலாளியின் கட்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை. அன்று எங்களிடம் அதை எடுக்கும் வசதி கிடையாது. ஆனாலும் ஊசிக்கு அசையாத கட்டி அது என்பது மட்டும் நிச்சயம். விடாத பயிற்சியால் அவருக்குக் கால் வந்தது. இப்போது இடக்கையால், பற்களால் நூலைப் பிடித்துக்கொண்டு, கிழிந்த வலை தைக்கிறார். சென்ற கிறிஸ்துமசுக்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போய் இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். வலை என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார். “அப்போ, எங்க பாவம் இல்லையா ஐயா?” என்றார். இல்லையம்மா, நீங்கள் நேரத்தோடுதான் கொண்டுவந்தீர்கள் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் காப்பி போட உள்ளே போனார்.

சந்தேகம் இருப்பவர்கள் கேட்கலாம். சாப்பாட்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்கிறார்கள்.