உரிமைக் கடவும் உரிய நாளும்



காங்கேயத்துக் கொறங்காட்டுக்குக் கிளுவை வேலியும் உண்டு, கடவும் உண்டு. கடவறியாதவன் வேலியைச் சுற்றிச் சுற்றியே பொழுதைப் போக்குவான். மாந்தவுரிமை வழக்கும் அத்தகையதே. உற்ற தீங்கு உண்மையாய் இருத்தல் மட்டும் போதாது. மன்றம் அவ்வழக்கை ஏற்பதற்குரிய தகுதியும் வேண்டும்.

பிரான்சு நாட்டு இசுட்ராசுபர்க்கு நகரில் ஐரோப்பிய மாந்தவுரிமை முறைமன்றம் உள்ளது. ஓர் அரசின்மீது தனியாள் ஒருவரே அங்கு வழக்கிடலாம். ஆயின், அந்நாட்டில் உள்ள பயன்தரு வழிகளையெல்லாம் அவர் முன்னரே முயன்று முடித்திருத்தல் வேண்டும். இறுதித் தீர்ப்பிலிருந்து நான்கு திங்களுக்குள் செல்லல் வேண்டும். ஆறு திங்களாக இருந்த இவ்வெல்லை 2022-இல் குறுக்கப்பட்டது. பெயரில்லா முறையீடும், முன்பே ஆராயப்பட்ட அதே வழக்கும் ஏற்கப்படா.

இக்கடவைத் தமிழரும் கடந்துள்ளனர். ஈழத்து ஏதிலியர் ஐவரைப் பிரித்தானியா 1988-இல் திருப்பியனுப்பியது. அவர்தம் வில்வராசா வழக்கு ஏற்கப்பட்டது. எனினும் 1991-இல் தோற்றது. கடவு திறத்தல் வேறு, வெற்றி வேறு என்பதற்கு அதுவே சான்று. பின்னர் மற்றோர் ஈழத்தமிழர் வழக்கில், உள்நாட்டு வழிகளை அவர் முடிக்கவில்லை என்று அரசு தடை எழுப்பிற்று. மன்றம் அத்தடையைத் தள்ளி, அவரை இலங்கைக்கு அனுப்புதல் உரிமைமீறலாகும் என்று 2008-இல் தீர்ப்பளித்தது.

ஆசியாவுக்கென்றோ இத்தகைய மன்றமே இல்லை. இலங்கையின் சிங்கராசா வழக்கை எண்ணிப் பாருங்கள்! அவர் படிக்கவறியாத சிங்களத்தில் எழுதிய ஒப்புகைத் தாளே அவருக்கு எதிர்ச்சான்றாயிற்று. 1995-இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. உள்நாட்டு வழிகள் முடிந்தபின், ஒன்றிய நாடுகள் அவையின் மாந்தவுரிமைக் குழுவிடம் முறையிட்டார். அவருக்கு முறையான உசாவல் கிட்டவில்லை என்று குழு 2004-இல் கண்டது. 2006-இலோ, அக்குழுவுக்கு முறையிட வழிசெய்த உடன்பாட்டில் இலங்கை இணைந்தமை அந்நாட்டில் செல்லாது என்று அதன் உச்சமுறைமன்றம் கூறிவிட்டது!

இந்தியா அவ்வுடன்பாட்டில் இணையவே இல்லை. எனவே நமக்குள்ள கடவுகள் உள்நாட்டிலேயே உள. உயர்முறைமன்றமும் உச்சமுறைமன்றமும் உள. 1993-ஆம் ஆண்டுச் சட்டவழி அமைந்த மாந்தவுரிமை ஆணையங்களும் உள. இந்திய ஆணையத்துக்குக் கட்டணமின்றித் தமிழிலேயே எழுதலாம். ஆனால், தீங்கு நேர்ந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் ஆராயாது.

இன்னொன்று: அரசுப் பணியாளர் செய்த மீறலையோ, மீறலைத் தடுக்காத அவர்தம் புறக்கணிப்பையோதான் அது ஆராயும். பின்னலாடை ஆலையொன்றில் இளம்பெண் அடைத்துவைக்கப்பட்டால், ஆலைக்காரரைப் பழித்தெழுதுவது மட்டும் போதாது. முறையீடு பெற்றும் வாளாவிருந்த அலுவலர் யார், அது எந்நாள் என்றும் எழுதுக!

ஆகவே, நாளைக் குறித்து வையுங்கள், முறையீட்டின் படியைக் காத்து வையுங்கள், பெயரிட்டுக் கையெழுத்திடுங்கள். சிங்கராசாவுக்கு எதிரான தாளோ அவர் படிக்கவறியாத மொழியில் இருந்தது. தன் மொழியில் தன் குறையை எழுதும் வாய்ப்பு நமக்கு உண்டு. உண்டென்று அறிந்தும் ஓராண்டை உறங்கிக் கழித்தால், நம் உண்மை வேலிக்கு வெளியேதான் நிற்கும்.