சட்டத்தரணியிடம் போவதற்கு முன்

(மீளக்குடியேறும் குடும்பங்களுக்கான விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் சிலர் வளவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலருடைய காணிக்கு எல்லை வேலியே இல்லை. சிலருடைய வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது. சிலருடைய உறுதி இடம்பெயர்ந்த வழியிலே தொலைந்துபோயிற்று. "ஒரு சட்டத்தரணியைப் பிடிக்க வேணும்" என்று பலரும் சொல்கிறீர்கள். யாரிடம் போவது, எதைக் கொண்டுபோவது, என்ன கேட்பது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எல்லா அலுவலுக்கும் சட்டத்தரணி தேவையில்லை. உங்களுடையது அரசாங்கம் அனுமதிப்பத்திரம் தந்த காணி என்றால், முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். அயலவரோடு வேலிப் பிரச்சினை என்றால், மத்தியஸ்த சபையில் செலவில்லாமல் பேசித் தீர்க்க முடியுமா என்று பாருங்கள். காணி யாருடையது என்பதே பிரச்சினை என்றாலோ, இருப்பவர் எழும்ப மறுத்தாலோ, நீதிமன்றக் கடிதம் வந்திருந்தாலோ தாமதிக்காமல் சட்டத்தரணியிடம் போங்கள்.

உறுதி எழுதுபவர் நொத்தாரிசு. நீதிமன்றத்தில் வழக்குப் பேசுபவர் சட்டத்தரணி. பலர் இரண்டு வேலையும் செய்வார்கள். ஆனால் உறுதி எழுதுவதில் கெட்டிக்காரர் எல்லோரும் காணி வழக்குப் பேசுபவர் அல்லர். ஆகவே, "ஐயா, நீங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் காணி வழக்குகள் செய்கிறனீங்களா?" என்று நேரே கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நீதிமன்ற வாசலில் நின்று "நான் ஆளைப் பிடித்துத் தாறன்" என்று சொல்லும் தரகர்களிடம் காசு கொடுக்காதீர்கள். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அது 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. வருமானத்தைப் பார்த்து இலவசமாக உதவுவார்கள். வருமானத்துக்குக் கிராம அலுவலரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி, முதற் சந்திப்புக்கு ஆயத்தம் செய்வது. சட்டத்தரணிக்குச் சட்டம் தெரியும். உங்கள் காணியின் கதை தெரியாது. அதை ஒரு தாளில் ஆண்டு வரிசையாக எழுதுங்கள். காணி யாரிடமிருந்து வந்தது, சீதனமா, முதுசமா, வாங்கியதா? எந்த ஆண்டு இடம்பெயர்ந்தீர்கள்? அதன் பிறகு யார் இருந்தார்கள்? எப்போது திரும்பி வந்து கேட்டீர்கள்? அவர்கள் என்ன சொன்னார்கள்? திகதி சரியாக நினைவில்லை என்றால், "மூத்தவள் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம்" என்றாவது எழுதுங்கள். அதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம்.

அந்தத் தாளோடு உறுதி, நில அளவைப் படம், வரிப் பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, இடம்பெயர்ந்ததைக் காட்டும் பதிவு ஆகியவற்றில் கையில் உள்ளதை எடுங்கள். எல்லாவற்றையும் நிழற்பிரதி எடுத்து, பிரதியைக் கொடுங்கள். மூலப்பிரதியைக் காட்டலாம். விட்டுவிட்டு வரவேண்டி வந்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

உறுதி தொலைந்தால் உரிமை தொலைந்தது என்று நினைக்க வேண்டாம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது சுலபம். தெரியாவிட்டால், சகோதரங்களின் உறுதியைப் பாருங்கள். பக்கத்து வளவுக்காரரின் உறுதியையும் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய எல்லை விபரத்தில் உங்கள் தகப்பன் பெயரோ பேரன் பெயரோ இருக்கக்கூடும்.

அடுத்தது மிக முக்கியமானது. உங்கள் காணியில் இன்னொருவர் இருந்தால், சட்டத்தரணி முதலில் கேட்பது இதைத்தான்: "அவர்களை நீங்கள் இருக்க விட்டீர்களா, அவர்களாக வந்தார்களா?" உரிமையாளருக்கு எதிராக, இடையூறில்லாமல் பத்து ஆண்டு ஆட்சி செய்தவர் அந்தக் காணிக்கு உரிமை கோரலாம் என்று எங்கள் சட்டம் சொல்கிறது. உங்கள் அனுமதியோடு இருந்தவரின் நிலை வேறு. ஆகவே, "வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று எழுதிய ஒரு பழைய கடிதம் உங்கள் வீட்டைக் காப்பாற்றக்கூடும். அதைத் தேடி எடுங்கள். போர்க்காலத்தில் உரிமை கோர முடியாதிருந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. வழக்குப் போட அதுவும் ஒரு கால எல்லையை வைத்தது. உங்கள் நிலைக்கு எந்தக் காலம் பொருந்தும் என்று கேட்டறியுங்கள். திரும்பி வந்து குடியிருந்த உங்களை யாராவது பலாத்காரமாக எழுப்பினால், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பொலிஸில் முறையிட்டு, இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்க வேண்டாம். இடம்பெயர்ந்து இருந்தபோது பசிக்கும் வைத்தியத்துக்கும் காசு வாங்கி, "காணியைத் தாறன்" என்று வெள்ளைத்தாளில் கையெழுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நொத்தாரிசு முன் முறைப்படி எழுதாத காணி விற்பனை சட்டப்படி செல்லாது. ஆனால் அந்தத் தாளை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் நீட்டும்போதுதான் உங்கள் சட்டத்தரணி முதன்முதலாகப் பார்க்கிறார் என்றால், அவர் என்ன செய்வார்? நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதமில்லாமல் அவர் வெளியில் சொல்லக் கூடாது. ஆகவே முழுவதையும் சொல்லுங்கள்.

கணவர் காணாமற்போன தாய்மாருக்கு ஒன்று. தேசவழமையின் கீழ் வரும் பெண் தன் காணியை எழுதிக் கொடுக்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுத்தால்தான் முடியும் என்று யாராவது வற்புறுத்தினால், கையொப்பம் வைக்க முன் சட்டத்தரணியிடம் இதைக் கேளுங்கள்.

கடைசியாகக் காசு. மொத்தமாக எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு, முத்திரைக்கும் நில அளவைக்கும் வேறாகவா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். உங்களுக்காக வழக்கில் தோற்ற ஒரு புறொக்சியில் கையொப்பம் கேட்பார்கள்; அது வழமையானது. ஆனால் வெறுந்தாளில் ஒருபோதும் கையொப்பம் வைக்காதீர்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். அற்றோணித் தத்துவம் என்றால் இன்னும் கவனம். அது உங்கள் காணியை விற்கும் அதிகாரத்தையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாம்.

வெளிக்கிட முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் வழக்கில் பலவீனம் எது? எவ்வளவு காலம் எடுக்கும்? அடுத்ததாக நான் செய்ய வேண்டியது என்ன? பதிலை அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

வீட்டுக்குப் போனதும் வயதானவர்களை இருத்தி, அவர்களிடம் கேட்டுக் கேட்டு அந்தத் தாளை எழுதத் தொடங்குங்கள். காணியின் கதை அவர்களுடைய நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.