பிழையின் வேர்



இரயில்வே எழுத்தனாகிய யான் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனல்லன். எனினும் ஞாயிறுதோறும் பெஹாலாவில் நம் குழந்தைகள் சிலருக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன்.

ஒரு சிறுமி தன் அக்காளைப் பற்றி எழுதுங்கால், 'ஷீ' என்னாது 'ஹீ' என்றே எழுதுவாள். பன்முறை கடிந்தேன். பிழை குறையவில்லை, அவள் வரவுதான் குறைந்தது.

பின்னரே இலக்கண நூல்களை நாடினேன். தமிழில் அவன், அவள் எனப் பால் பகுப்புண்டு. வங்க மொழியிலோ 'ஷே' என்னும் ஒரே சொல் இருவரையும் குறிக்கும். தெருவிலும் பள்ளியிலும் வங்கமே பேசி வளர்ந்தவள் அச்சிறுமி. பிழையின் வேர் அங்கிருந்தது. 'அக்காள் ஆசிரியை' என்பது தமிழில் முற்றுப்பெற்ற வாக்கியம், வங்கத்திலும் அவ்வாறே. ஆங்கிலத்திலோ இடையே 'ஈஸ்' வேண்டும். அதனையும் குழந்தைகள் விடுவது இயல்பே.

அவளை அழைத்து, வீட்டில் வழங்கும் 'அவன், அவள்' கொண்டே விளக்கினேன். மறுவாரம் தானே திருத்தி எழுதினாள்.

ஆங்கில ஆசிரியர்க்குப் பயிற்சியளிக்கவென்றே 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தோன்றிற்று. இன்று அது பல்கலைக்கழகமாக விளங்குகிறது. நம்மிடையே மொழியியல் பயின்ற அன்பர்கள் ஞாயிறு வகுப்புக்கு ஒரு மணி நேரம் ஈந்துதவ வேண்டுகிறேன். காரணம் அறியாது கடிந்த என் பிழை பிறர்க்கு நேர வேண்டா.