பெயர் சுட்டா மரபும் கம்பியில்லாக் கருவியும்



அகத்திணைப் பாடல்களில் காதலர் இன்னார் எனப் பெயர் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியர் உரைத்த நெறி. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற அளவிலேயே அகப்பாடல் நின்றுவிடும். உள்ளத்தின் துயரை உலகறியப் பாடலாம். அஃது எவருடைய துயர் என்பதை உலகம் அறிய வேண்டியதில்லை என்னும் பண்பாடு இவ்விதியில் அடங்கியிருக்கிறது எனலாம்.

பெயரை மறைத்தால் மட்டும் போதுமா? இவ்வினாவுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியரிடம் விடை கிடைக்கிறது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் அரண்மனையில் பிரிவுத்துயரால் வாடும் அரசியையும், பாசறையில் உறங்காது உலவும் அரசனையும் காண்கிறோம். பாண்டியன் பெயர் பாட்டில் எங்கும் இல்லை. ஆயினும் பாசறையில் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒன்றைக் கொண்டே, இப்பாட்டு அகமாகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் வகுத்தார். ஆளைக் காட்டிக்கொடுக்கப் பெயர் வேண்டியதில்லை, ஓர் அடையாளமே போதும் என்று கண்ட கூர்மை அது.

இன்று அத்தகைய அடையாளத்தை ஒவ்வொருவரும் சட்டைப்பையில் சுமந்து செல்கின்றனர். கைப்பேசி கம்பியில்லாமல் இயங்குவது. அழைப்பு வந்தால் அதை எங்கே கொண்டு சேர்ப்பது என்பது நிறுவனத்தின் வலையமைப்புக்குத் தெரிந்தாக வேண்டும். ஆதலால் எவரும் பேசாத வேளையிலும் அக்கருவி அருகிலுள்ள கோபுரங்களோடு தொடர்புகொண்டு தன் இருப்பை அவ்வப்போது தெரிவிக்கிறது. இந்த நேரத்தில் இந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் என்ற குறிப்புகள் இவ்வாறு சேர்கின்றன. அவற்றில் பேசிய சொல் ஒன்றும் இல்லை. இரவு தங்கிய பகுதியும், நாள்தோறும் சென்ற வழியும் அவற்றில் இருக்கின்றன.

பெயரை நீக்கிவிட்டால் தீங்கில்லை என்பர். 15 லட்சம் பேருடைய 15 மாதக் கைப்பேசிக் குறிப்புகளைப் பெயரின்றி ஆராய்ந்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் கிடைத்தாலே அவர்களுள் 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று அது காட்டியது. நச்சினார்க்கினியருக்கு ஒரு வேம்பு போதுமானதாயிற்று. கணிப்பொறிக்கு நான்கு புள்ளிகள்.

அமெரிக்காவின் கார்ப்பெண்டர் வழக்கில், ஒருவருடைய 127 நாள் நடமாட்டத்தைக் காட்டும் 12,898 இடக்குறிப்புகளைப் புலனாய்வாளர் சோதனைக்குரிய பிடியாணை இன்றியே பெற்றிருந்தனர். இத்தகைய குறிப்புகளுக்குப் பொதுவாகப் பிடியாணை வேண்டும் என 2018 ஜூன் 22 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளோ, 2017 ஆகஸ்டு 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாக அறிவித்தனர். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காக, ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களிக்க அதிலேயே இடமுண்டு. வேலியில் விட்ட அவ்வழி எவ்வளவு அகலமானது என்பதைக் குடிமக்கள் விழிப்போடு நோக்க வேண்டும்.

மறைக்க ஒன்றும் இல்லாதவர்க்கு அச்சம் எதற்கு என்பது பலரும் கேட்கும் கேள்வி. அதற்கு அகமரபே விடை சொல்லும். அகப்பாட்டின் தலைவி குற்றமொன்றும் செய்தவள் அல்லள். ஆயினும் அவள் பெயரைப் புலவர்கள் சொல்லவில்லை. மறைவு குற்றவாளியின் புகலிடம் என்று அவர்கள் கருதவில்லை. அன்பு செய்வோர்க்கு உரிய இடம் என்றே கருதினர். அவ்விடத்தைக் காத்த புலவர் மரபில் வந்தோர் இம்மன்றத்தினர். பெயர் நீக்கப்பட்டது என்னும் உறுதிமொழியைக் கேட்கும்போதெல்லாம், வேம்பும் நீக்கப்பட்டதா என்று வினவும் கடமை அவர்களுக்கு உண்டு.